செவ்வாய்க்கிழமை எண்ணிய வண்டிகள்

அவரைப் பற்றி யாராவது கேட்டால் நல்ல மனிதர் என்றுதான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கியிருப்பேன்.

எங்கள் பக்கம் எல்லோரும் அவரை வண்டி சார் என்றார்கள். மதுரைக்காரர். எங்காவது பெரிய கட்டடம் வரப்போகிறதென்றால், அது வந்தால் சாலையில் நெரிசல் ஆகுமா ஆகாதா என்று, வண்டிகளை எண்ணிப் பார்த்து அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பொறியாளர். பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் டவுனுக்கு ஏறுகிற சாலையில், எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவு உண்டு. அந்த வளைவில் நூறு அறைக்கு மேல் வைத்து ஹோட்டல் கட்ட மனுப் போட்டிருந்தார்கள். அதற்காக வந்து சேர்ந்தவர் இவர். குரங்குத் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கையில் சொந்தமாகக் கொண்டுவந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில் அவர் முதுகு சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு டவுனில் ஒரு சாக்லேட் கடையில் வேலை. ஜிகினாத் தாளில் சுற்றி, டப்பாவில் அடுக்கி, எடை போட்டுக் கொடுக்க வேண்டும். சீசனில் ஒரு வாய் சோறு தின்னக் கை ஒழியாது. ஆடி மாதம் சாரலும் காற்றுமாகக் கிடக்கும்போது கடையில் ஈ ஓட்டுவோம். "ரெண்டு வாரம் வீட்டுல இருங்கம்மா, அப்புறம் சொல்லி விடுறேன்" என்பார் முதலாளி. அப்படி வீட்டில் இருந்தபோதுதான் வண்டி சார் எண்ணுவதற்கு ஆள் தேடினார். நானும் போனேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே நறுக்கென்று குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஊருக்குள் வண்டி வராததால்தானே எனக்கு வேலை இல்லை? வேலை இல்லாததால்தானே வண்டி எண்ணப் போனேன்? இத்தனூண்டு விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் நான்.

எண்ணுவதை அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அழகைச் சொல்ல வேண்டும். எண்ணுவது செவ்வாய்க்கிழமைகளில். கால் மணி நேரத்துக்கு ஒரு தாள். மேலே போகிறதற்கு ஒரு பக்கம், கீழே இறங்குகிறதற்கு ஒரு பக்கம். நாலு கோட்டை நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். பேனாவில்தான் எழுத வேண்டும். பென்சில் என்றால் அவருக்கு ஆகாது. "பென்சில்ல எழுதுனா மனசு மாறும்மா" என்பார். கார் ஒன்று என்றால் டூவீலர் அரை, பஸ் மூன்று. சாலையில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு மதிப்பு. எல்லாவற்றையும் கடைசியில் காராக மாற்றிவிடுவார்.

முதல் செவ்வாய்க்கிழமை காலை சவாரிக் குதிரை ஒன்றை ஒருவர் கையில் பிடித்து நடத்திக்கொண்டு டவுனுக்குப் போனார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டி சார் ஓடி வந்தார்.

"குதிரையை எழுதுனீங்களாம்மா?"

"அது வண்டியா சார்?"

"ரோட்டுல நடந்துச்சுல்ல? பின்னால ரெண்டு கார் மெதுவாப் போச்சுல்ல? அப்ப அது வண்டிதான்."

குதிரையை எத்தனை காராகக் கொள்வது என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாரலில் நின்றுகொண்டு மதுரைக்குப் போன் போட்டு, யாரையோ புத்தகத்தைப் புரட்டச் சொல்லி, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எழுதினார். அன்று முழுக்க நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்னொரு நாள் காட்டுமாடுகள் சோலைக்காட்டிலிருந்து இறங்கி நடுச்சாலையில் நின்றன. ஒரு வண்டி நகரவில்லை. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில், காட்டுமாடு ஏழு, கன்று ஒன்று, போக்குவரத்து நின்றது பதினொரு நிமிடம் என்று எழுதினார். கன்றைத் தனியாக எழுதியதைப் பார்த்தபோது எனக்கு அவர் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. இல்லை என்று மறைத்து என்ன செய்ய.

எங்களோடு எண்ண வந்த ஒருவர், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற மனிதர், மழைக்கு டீக்கடையில் ஒதுங்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்கான தாள்களைச் சும்மா கோடு கிழித்து நிரப்பி வைத்தார். வண்டி சார் அதில் ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் கால் மணி நேரத்துல ஒரு பஸ்கூட இறங்கலையா?"

"இறங்கலை சார்."

"ஒம்பதே காலுக்குப் பழனி பஸ் இறங்குச்சு. நான் அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். ஜன்னல்ல ஒரு அம்மா வாந்தி எடுத்துக்கிட்டுப் போனாங்க."

அந்த ஆளை அன்றே அனுப்பிவிட்டார். அன்றைக்கு எண்ணியது மொத்தத்தையும் தள்ளுபடி செய்தார். அடுத்த செவ்வாய் விடிந்ததிலிருந்து மறுபடி எண்ண வைத்தார். எங்களுக்கு விரல் விறைத்துப் போனது. "கண்ணுல பட்டதை எழுதுங்க, படாததை எழுதாதீங்க. நம்ம சோலி அவ்வளவுதான்" என்றார். ஒவ்வொரு தாளின் அடியிலும் எண்ணியவர் கையெழுத்துப் போட வேண்டும். நானும் முத்துமுத்தாகப் போட்டேன். இப்படி ஒரு நேர்மையான ஆளிடம் வேலை பார்க்கிறோமே என்று பெருமையோடு போட்டேன்.

அந்தச் செவ்வாய்களில் எட்டரை மணி வாக்கில் ஒரு வெள்ளை டாக்ஸி இறங்கும். பின் சீட்டில் என் அக்கா இருப்பாள். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. என்னோடுதான் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, பழனிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். பதினொரு மணிக்கு அவள் மெஷினில் படுக்க வேண்டும். நாலு மணி நேரம் ஓடும். பிந்திப் போனால் பிந்திய நேரத்தை நீட்டித் தர மாட்டார்கள். மூன்றரைக்கு அடுத்த ஆள் வாசலில் காத்திருப்பார், அவரும் பாவம்தானே. அக்காவின் நேரத்தில்தான் கழியும். சனிக்கிழமை சரியாக ஓடாவிட்டால் அடுத்த மெஷின் செவ்வாய்தான். நடுவில் ஞாயிறும் திங்களும் அவள் முகம் உப்பிவிடும். படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடப்பாள்.

வண்டி சாருக்கு இது தெரியும். யார் அந்த அம்மா, வாராவாரம் கையாட்டிட்டுப் போறாங்களே என்று அவரே கேட்டார். எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். அதற்குப் பிறகு டாக்ஸி வரும்போது எழுந்து நிற்பார். ஓட்டுகிற பாயிடம், "பாத்து இறக்குங்க பாய், வளைவுல மண் சரிஞ்சு கெடக்கு" என்பார். அக்காவிடம், "இன்னைக்கு வெரசாப் போயிரலாம்மா, ரோடு காலியாக் கெடக்கு" என்பார். அக்கா சிரிப்பாள். நான் என் தாளில் கார் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். அவள் அந்த அறிக்கையில் ஒரு கோடு. செவ்வாய்க்கிழமைக் கோடு.

சனிக்கிழமை அந்தச் சாலையை நீங்கள் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி கிளம்பிய கார்களும் வேன்களும் எட்டு மணிக்கெல்லாம் மலையேறி வந்து முட்டும். மலையேறுகிற வண்டிகளைக் குறைக்க இ-பாஸ் கொண்டுவந்த பிறகும் அப்படித்தான். அமைதியைத் தேடி வருகிறார்களாம். வந்து எங்கள் வளைவில் நின்று ஹாரன் அடிப்பார்கள். அப்போதே, ஹோட்டல் என்று ஒரு செங்கல்கூட விழாதபோதே, அக்காவின் டாக்ஸி அங்கே அரை மணி, முக்கால் மணி நிற்கும். அந்த வளைவில் ஒரு வாசலை வைத்து, மேலே வருகிற ஒவ்வொரு காரும் எதிர்த் தடத்தைக் குறுக்கே வெட்டி உள்ளே திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல எந்தப் படிப்பும் வேண்டாம்.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அதனால் எல்லோரும் என்னை முன்னால் தள்ளினார்கள். எழுந்து நின்று அந்த வளைவைப் பற்றிச் சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். மேடையில் இருந்த அதிகாரி ஒரு கனத்த அறிக்கையைப் புரட்டினார். அதில் ஹோட்டல் வந்தாலும் இந்தச் சாலை தாங்கும், நெரிசலுக்கு வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தது. பின்னால் இணைத்திருந்த தாள்களில் ஒன்றை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"தப்பா எண்ணிட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க எண்ணுனதை வச்சுத்தானே எழுதியிருக்காங்க. உக்காருங்க."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சனிக்கிழமை எண்ணிப் பாருங்கள் என்று கத்தினேன். முன் வரிசையில் இருந்த வண்டி சார் எழுந்தார். "ஒப்பந்தத்துல சாதாரண வேலை நாள்னு இருக்கு சார். அன்னிக்குத்தான் எண்ணினோம். ஒரு எண்கூடக் கூட்டலை, குறைக்கலை" என்றார். அது உண்மை. என் கையால் எழுதிய உண்மை. அதை வைத்தே என் அக்காவின் கழுத்தில் கயிறு போட்டார்கள்.

வெளியே வந்ததும் அவரை மடக்கினேன்.

"சனிக்கிழமை அங்க என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே."

"நான் கேட்டேனே."

"நீங்க கேக்குறது வேறம்மா. வேலை கொடுத்தவங்க கேக்கணும். அவங்க கேட்டா ஒளிக்காம சொல்லியிருப்பேன்." அவர் முகத்தில் துளி கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில், "அக்கா எப்படிம்மா இருக்காங்க?" என்றார்.

கடைசி அனுமதி வர இன்னும் நாள் இருந்தது. சனிக்கிழமை எண்ணிக்கை இருந்தால், அதற்கு உரிய பொறியாளர் கையெழுத்தும் இருந்தால், சேர்த்துப் பார்க்கிறோம் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். சரி என்று நானே இறங்கினேன். மே மாதம் ஒரு சனிக்கிழமை, கடையில் கூட வேலை பார்க்கும் மூன்று பெண்களை அழைத்துக்கொண்டேன். சீசனில் நாலு பேர் லீவு என்றால் முதலாளி என்ன பேசியிருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒரு தாள். பேனா. நாலு கோடு, குறுக்கே ஒன்று. அவர் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு குதிரையைக்கூட விடாமல். எட்டரைக்கு அக்காவின் டாக்ஸி வந்து என் கண் முன்னால் நின்றது. என்னைத் தாண்டிப் போக முப்பத்தெட்டு நிமிடம். கண்ணாடிக்குள் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தால் வண்டியைத் தவறவிடுவேன் என்று சாலையையே பார்த்தேன்.

தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு மதுரையில் அவர் ஆபீசுக்குப் போனேன். நான் திட்டியதை மனதில் வைக்காமல் காபி வாங்கிக் கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இரண்டு மணி நேரம் பார்த்தார். ஓரிடத்தில் கூட்டலில் ஒன்று பிசகியிருந்தது. சிவப்புப் பேனாவில் திருத்திப் பக்கத்தில் தன் இனிஷியலைப் போட்டார். பிறகு எல்லாவற்றையும் காராக மாற்றி, ஏதோ வகுத்துப் பெருக்கி, பேனாவை மூடி வைத்தார்.

"ரொம்பச் சுத்தமா எண்ணியிருக்கீங்கம்மா. எங்கிட்ட இருக்குற ஆளுங்ககூட இப்படி எண்ண மாட்டாங்க."

"நெரிசல் எப்படி சார்?"

"ஏ-லேர்ந்து எஃப் வரைக்கும் தரம் போடுவோம். இது எஃப். அதுக்குக் கீழ எழுத்து இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

அவர் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, என் கையில் திருப்பிக் கொடுத்தார். "போட முடியாதும்மா. எனக்கு யாரும் இந்த வேலையைக் கொடுக்கல. என் கண்ணால நான் பாக்கவும் இல்ல."

"சரியா இருக்குன்னு இப்பத்தான் சொன்னீங்க."

"சரியாத்தான் இருக்கு."

எவ்வளவோ கேட்டேன். அழுதேன்கூட. எனக்கு அழுகை சுலபத்தில் வராது. அவர் கண்ணும் கலங்கியது. கலங்கி என்ன பிரயோசனம். பேனா மூடியைத் திறக்கவில்லை. நான் எழுந்தபோது, "அக்காவுக்குச் சனிக்கிழமைக்குப் பதிலா வெள்ளிக்கிழமை மாத்திக்கக் கேட்டுப் பாருங்களேம்மா" என்றார். வெள்ளிக்கிழமை மெஷினில் படுத்திருக்கிறவரை எங்கே மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை. அதையும் யாராவது அவரைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. பஸ்ஸில் வத்தலக்குண்டு வரும் வரை என் பல் நறநறத்துக்கொண்டே வந்தது.

வேறு இரண்டு பொறியாளர்களிடமும் போய்ப் பார்த்தேன். இன்னொருவர் அறிக்கை மேல் கை வைக்க மாட்டோம் என்றார்கள். அனுமதி கிடைத்தது. ஹோட்டல் எழும்பியது. வாசல் அதே வளைவில், நீரூற்றும் விளக்குமாக. அனுமதி கொடுத்தவர்களையும் கட்டியவர்களையும் நான் திட்டாத நாள் இல்லை. ஆனால் அவர்கள் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் வருவது குரங்குத் தொப்பிதான். காட்டுமாட்டுக் கன்றைத் தனியாக எழுதத் தெரிந்த மனிதனுக்கு, தெரிந்தும் எழுதாமல் விடவும் தெரிந்திருந்தது. இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிச் சண்டை போடாமல் இருந்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன வருஷம், ஹோட்டல் திறந்து சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை. அக்காவுக்கு அந்த வாரம் உடம்பு சரியில்லாததால் நானும் கூடப் போனேன். ஏழு மணிக்கே கிளம்பினோம். வளைவுக்கு வந்ததும் பாய் வண்டியை அணைத்துவிட்டார். ஹோட்டலுக்குள் திரும்ப நிற்கிற கார்கள் மேலே வருகிற பாதை முழுக்க. அதை முந்தப் பார்த்த ஒரு வேன் எங்கள் பாதையில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. அரை மணி போனது. ஒரு மணி போனது. அக்கா வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தாள். நான் இறங்கி நடந்தேன், யாரையாவது நகரச் சொல்லலாமென்று.

எதிர் வரிசையில் ஆறாவது காரில் அவர் இருந்தார். தொப்பி இல்லை. தேய்த்த பட்டுச் சட்டை. பக்கத்தில் மனைவி, பின்னால் மகளும் மருமகனும் போலிருக்கிறது. ஹோட்டல்காரர்கள் இரண்டு நாள் தங்க அழைத்திருந்தார்களாம். பிறகு தெரிந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"சார், இன்னைக்குச் சனிக்கிழமை."

என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். என் தோளுக்குப் பின்னால் எங்கள் வரிசையைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காறித் துப்பலாம் போல வந்தது.

"எண்ண வேண்டாம் சார். அந்த வெள்ளை வண்டியில எங்க அக்கா இருக்கா. பதினோரு மணிக்குப் பழனியில இருக்கணும். இப்பவே எட்டே கால் ஆச்சு. அவளால உக்கார முடியல."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மனைவி ஏதோ சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. நேராக அந்த வேனிடம் போனார். பின்னால் எடுக்கச் சொன்னார். அதன் பின்னால் நின்ற காரை, அதன் பின்னால் நின்றதை, ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டி, கையைக் காட்டி, ஓரம் ஒதுக்கினார். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். கும்பிட்டார். ஹோட்டல் வாசல் காவலாளியிடம் சண்டை போட்டு ஒரு பேருந்தை உள்ளே விடாமல் நிறுத்தினார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கே எதை எத்தனை அடி நகர்த்தினால் வழி பிறக்கும் என்பது அந்த மனிதனுக்கு அத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒரு டாக்ஸி போகிற அளவு சந்து விட்டது. நான் ஓடி வந்து ஏறிக்கொண்டேன். பாய் வண்டியைக் கிளப்பினார்.

அவர் எங்கள் ஜன்னலருகே வந்து குனிந்தார். மூச்சு வாங்கியது. "போங்கம்மா, கீழ வரைக்கும் இனி அடைப்பு இல்ல" என்றார்.

அக்கா அதிகம் பேசாதவள். பேச மூச்சும் இல்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா சார்?" என்று கேட்டாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இந்த முறை நேராக அவரைத்தான் கேட்டிருந்தாள். அவரும் ஒளிக்காமல் பதில் சொன்னார்.

"இல்லம்மா" என்றார்.